சாலை உயர்ந்து அறை பள்ளமாகிவிட்டது: சுண்ணாம்புச் சுவரில் பழைய ஜன்னலை எப்படி மாற்றுவது?

குடந்தைக் கூடம்:
எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் தாத்தா காலத்து வீடு, சந்து திரும்பும் மூலையில் இருக்கிறது. ரேழியை, அதாவது வாசல் நடையை, ஒட்டிச் சந்துப் பக்கமாக ஒரு அறை, முன்பு நெல் பத்தாயம் வைத்திருந்த அறை, அதில் சந்தைப் பார்த்து மூன்று ஜன்னல்கள். முன்பெல்லாம் ஜன்னலின் அடிக்கட்டை வெளியிலிருந்து பார்த்தால் இடுப்பு உயரத்தில் இருக்கும். பழைய சாலை மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு இப்போது ஒரு சாண்தான் மிச்சம். அறையின் தரை சாலையைவிட முக்கால் அடி தாழ்ந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் சைக்கிள் ஒன்று வேகமாகப் போனால் போதும், தண்ணீர் உள்ளே தெறிக்கிறது.

மூன்றிலும் அடிக்கட்டை உளுத்துப்போய்விட்டது, ஒன்றில் கரையானும் இருக்கிறது. கம்பிகள் துருப்பிடித்து, கம்பி நுழையும் இடத்தில் கட்டை பிளந்து நிற்கிறது. உள்சுவரில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஓதம், பூச்சு பொரிந்து உப்பு பூத்திருக்கிறது. சுவர் சுண்ணாம்புக் காரை, தட்டையான சின்னச் செங்கல், கனம் ஒன்றரை அடிக்கு மேல்.

பார்க்க வந்த மேஸ்திரி மொத்தத்தையும் இடித்துக் கான்கிரீட் நிலை வைத்து சுற்றிலும் சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார். பையன் யுபிவிசி, அதாவது கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல் போடச் சொல்கிறான். வெளிநாட்டு வீடுகளில் தரைக்குக் கீழே இருக்கும் அறைக்கு ஜன்னல் மாற்றும் வீடியோக்களையும் காட்டினான், ஜன்னலுக்கு வெளியே ஒரு பள்ளம் தோண்டி ஜல்லி போட்டு வைக்கிறார்கள். இன்னொருவர் ஜன்னலையே அடைத்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போடு என்கிறார். அந்த அறையை அம்மா படுக்கும் அறையாக மாற்ற நினைக்கிறேன், அதனால் இதைச் சரியாகச் செய்தே ஆக வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காரைச்சுவர்:
தஞ்சாவூர்ப் பக்கம் நிறைய பழைய வீடுகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எதையும் இடிப்பதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். ஜன்னலுக்கு மேலே என்ன இருக்கிறது, செங்கல் வளைவா, மரக்கட்டையா, இரண்டுமா? அந்தச் சுவர் மேல் மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்கள் மேல் செங்கலும் காரையும் போட்ட தட்டைக் கூரை) உட்கார்ந்திருக்கிறதா, நாட்டு ஓட்டுக் கூரையா? டெரஸ் என்றால் தேக்கு உத்தரங்களின் பாரம் அந்தச் சுவரில் எங்கே இறங்குகிறது என்று தெரிய வேண்டும். மூன்றாவது, கரணையால் ஓரிடத்தில் காரையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே மாவாகக் கொட்டுகிறதா, கெட்டியாக இருக்கிறதா?

சிமெண்ட் விஷயம் மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் சுவர் கீழே மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. அந்தக் காலத்து வீட்டில் ஈரத்தைத் தடுக்கும் படலம் எதுவும் அஸ்திவாரத்தில் கிடையாது. சுண்ணாம்பு அந்த ஈரத்தைப் பூச்சு வழியாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், அதனால்தான் இத்தனை வருடம் சுவர் நின்றது. ஜன்னலைச் சுற்றி ஒரு அடிக்குச் சிமெண்டால் பூசினால் ஈரம் அங்கே வெளியேற முடியாமல் சிமெண்ட் முடிகிற இடத்தில் வந்து உடைக்கும். இன்னும் மேலே ஏறவும் செய்யும். உப்பும் கூடவே போகும். அப்புறம் சிமெண்ட் கெட்டி, பழைய செங்கல் மெத்து. நம் ஊர்க் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்குகிற மண், வருடா வருடம் சுவர் கொஞ்சம் அசையும். சுண்ணாம்புக் காரை அந்த அசைவைத் தாங்கிக்கொள்ளும். சிமெண்ட் தாங்காது, விரிசல் விடும், அல்லது செங்கல்லின் முகத்தையே உரித்துக்கொண்டு வரும்.

மன்னை பில்டர்:
சார் சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இன்றைக்குச் சுண்ணாம்பில் வேலை செய்கிற கொத்தனார் எங்கே கிடைக்கிறார்? மன்னார்குடி சுற்று வட்டாரத்தில் நான் பழைய வீடுகளுக்குக் கான்கிரீட் நிலைதான் வைக்கிறேன், கரையான் தொல்லை கிடையாது, ஒரே நாளில் நிறுத்திவிடலாம், மரம் விற்கிற விலையில் தேக்கு வாங்க எத்தனை பேரால் முடியும்? சுண்ணாம்பு காய வாரக்கணக்கில் காத்திருக்கணும். வீட்டுக்காரர் சம்பளம் எண்ணிக் கொடுக்கிறவர், அதையும் யோசிக்கணும் இல்லையா.

காரைச்சுவர்:
மன்னை தம்பி, கான்கிரீட் நிலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலை எதுவாகவும் இருக்கட்டும், நிலையும் சுவரும் சேரும் இடத்திலும் சுவர்ப் பூச்சிலும் சிமெண்ட் வேண்டாம் என்கிறேன். நிலைக்குள் இருக்கும் இரும்பைச் சுற்றிப் போதிய கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஈரச் சுவரில் உட்காரும் மெல்லிய கான்கிரீட் நிலை உள்கம்பி துருவேறி வெடித்ததை நிறைய பார்த்திருக்கிறேன். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், அது கான்கிரீட்டானாலும் செங்கலானாலும் பிளந்துவிடும். இவர் வீட்டு ஜன்னல் கட்டையைக் கம்பி பிளந்ததும் அப்படித்தான்.

வெட்டாறு:
நான் கட்டட வேலை தெரிந்தவன் இல்லை, திருவாரூர்ப் பக்கம் விவசாயம். அந்தப் பள்ளம் தோண்டுகிற யோசனையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வெளிநாட்டில் அது சரியாக இருக்கலாம், அங்கே அஸ்திவாரத்தைச் சுற்றி ஜல்லியும் ஓட்டைக் குழாயும் போட்டுத் தண்ணீரைத் தாழ்வான இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள் அல்லது மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். நம் ஊரில் தண்ணீர் எங்கே போகும்? கார்த்திகையில் இரண்டு அடி தோண்டினால் பல இடத்தில் ஊற்று வந்துவிடும், வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதம் முழுக்கப் பக்கத்து நிலம் ஊறிக் கிடக்கும். களிமண்ணில் ஜல்லி போட்டால் தண்ணீர் கீழே இறங்காது, அதிலேயே நிற்கும். ஜன்னலுக்கு வெளியே நீங்களே ஒரு குட்டை வெட்டி வைத்த மாதிரி ஆகிவிடும். 2008 நிஷா புயல் மழையில் எங்கள் தெருவே பல நாள் தண்ணீரில் நின்றது, அந்த மாதிரி மழை திரும்ப வராது என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளம் வேண்டவே வேண்டாம்.

காரைச்சுவர்:
வெட்டாறு அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அங்கே அந்தப் பள்ளத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, தீப்பிடித்தால் கீழறையில் படுத்திருப்பவர் ஜன்னல் வழியாக வெளியேற வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. உங்கள் அறைக்கு ரேழிப் பக்கம் வாசல் இருக்கிறதே, அந்தத் தேவை இல்லை. உங்களுக்கு வேண்டியது நேர் எதிரான வேலை. ஜன்னலைக் கீழே காப்பாற்றுவதை விட்டுவிட்டு அடிமட்டத்தை மேலே தூக்குங்கள்.

குடந்தைக் கூடம்:
பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. மேலே பூச்சைச் சுரண்டிப் பார்த்தோம். சந்துப் பக்கம் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிய தட்டை வளைவு, உள்பக்கம் பாதிக் கனத்துக்கு மரக்கட்டை. வளைவில் விரிசல் எதுவும் தெரியவில்லை. மரக்கட்டை இரண்டு ஜன்னலில் கெட்டியாக இருக்கிறது, கரையான் இருந்த ஜன்னலில் உளியை வைத்தால் உள்ளே போகிறது. கூரை மெட்ராஸ் டெரஸ்தான். உத்தரங்கள் சந்துச் சுவரில் இறங்கவில்லை, அறையின் குறுக்குச் சுவர்களில் இறங்குகின்றன. காரை கெட்டியாக இருக்கிறது, அடியில் ஒரு அடி உயரத்துக்கு மட்டும் மாவாகக் கொட்டுகிறது. ஜன்னல் உயரம் நாலு அடி. அடிமட்டத்தைத் தூக்கினால் வெளிச்சம் போய்விடாதா?

உளிக்காரன்:
தச்சு வேலை எனக்குத் தொழில், திருவையாறு பக்கம். நிலையைக் கழற்றுவது பற்றி நான் சொல்கிறேன், பெரும்பாலும் அங்கேதான் சுவர் கெடுகிறது. பழைய நிலைக்கு மேலும் கீழும் கொம்பு இருக்கும், கட்டையின் இரண்டு முனையும் சுவருக்குள் நீண்டு போயிருக்கும். கொத்தனார் சம்மட்டியால் அடித்து நிலையை ஆட்டிப் பிடுங்கினால் கொம்போடு சேர்ந்து பக்கச் செங்கல் எல்லாம் கலகலத்து வந்துவிடும். அப்படிச் செய்யவே கூடாது. முதலில் கதவு, கம்பி எல்லாவற்றையும் எடுங்கள். அடிக்கட்டையின் நடுவில் ரம்பத்தால் இரண்டு வெட்டு, நடுத்துண்டை எடுத்துவிட்டால் மற்ற இரண்டு துண்டையும் உள்பக்கமாக மடக்கி இழுக்கலாம். பக்கக் கால்களையும் நடுவில் அறுத்து எடுங்கள். கொம்பு சுவருக்குள் கெட்டியாக இருந்தால் சுவர் முகத்தோடு அறுத்துவிட்டு அப்புறம் உளியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுத்துக்கொள்ளலாம், அவசரமே இல்லை.

மூன்று ஜன்னலையும் ஒரே நாளில் கழற்றாதீர்கள். ஒன்றை முடித்து, காரை பிடித்த பிறகு அடுத்தது. கழற்றும் முன் மேல்கட்டைக்கு அடியில் பலகை வைத்து இரண்டு சவுக்குக் கட்டை முட்டு, அடியில் ஆப்பு வைத்து இறுக்கணும். ஆப்பை ஓங்கி அடித்தால் மேலே இருக்கும் வளைவு தூக்கிக்கொள்ளும், கையால் தட்டி இறுகினால் போதும். உளுத்த மேல்கட்டையை எடுத்துவிட்டுக் கருங்கல் பலகையோ வார்த்துக் காய்ந்த கான்கிரீட் லிண்டலோ வையுங்கள், இரண்டு பக்கமும் அரை அடியாவது சுவரில் உட்காரணும். கரையான் வந்த கட்டையைக் கொல்லையில் போட்டு வைக்காதீர்கள், எரித்துவிடுங்கள். மருந்து அடிக்கிறவரைக் கூப்பிட்டு அந்த இடத்தில் சுவரின் அடியிலும் மருந்து விடச் சொல்லுங்கள்.

அளவு எடுக்கும்போது அகலம் மூன்று இடத்தில், உயரம் மூன்று இடத்தில், மூலைக்கு மூலை இரண்டு. இருப்பதிலேயே சின்ன அளவிலிருந்து பக்கத்துக்கு அரை விரல்கடை குறைத்து நிலை செய்யணும். பழைய சுவரில் எந்த மூலையும் சரியான மூலையாக இருக்காது.

மன்னை பில்டர்:
உளிக்காரர் சொன்ன கழற்றும் முறை அருமை, நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். அடிமட்டத்தைத் தூக்குவது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. நான் ஒன்று சேர்க்கிறேன், அடியில் மரக்கட்டையே வேண்டாம், கருங்கல் பலகை போடுங்கள். சுவருக்கு வெளியே இரண்டு விரல்கடை நீட்டி, வெளிப்பக்கம் சரிவாக, அடியில் ஒரு சின்னக் காடி வெட்டி. அந்தக் காடி இல்லாவிட்டால் தண்ணீர் கல்லின் அடியைப் பிடித்துக்கொண்டே சுவருக்குத் திரும்பி வந்துவிடும்.

காரைச்சுவர்:
அருமையான யோசனை தம்பி. அப்படியானால் வேலை இப்படிப் போகட்டும். அடியில் ஒரு அடி உயரம் செங்கல் கட்டி மேலே கருங்கல் பலகை, அதன் மேல் மூன்று அடி ஜன்னல். மாவாகக் கொட்டுகிற காரையைக் கெட்டியான இடம் வரும்வரை எடுத்துவிட்டுக் கழுவி, ஒவ்வொரு வரியிலும் பழைய சுவருக்குள் பல் விட்டுக் கட்டணும். சும்மா ஒட்டவைத்துக் கட்டினால் இரண்டு பக்கமும் நேர்கோட்டில் விரிசல் வரும். பழைய செங்கலே வேண்டும், இடித்த வீட்டுச் செங்கல் விற்கிற இடங்களில் கிடைக்கும், ஆனால் சிமெண்ட் ஒட்டியது, உப்பு பூத்தது வேண்டாம்.

வெளிச்சம் பற்றிக் கேட்டீர்கள். சுவர் ஒன்றரை அடிக்கு மேல் கனம் இருப்பது இங்கே உங்களுக்கு உதவும். நிலையை வெளிமுகத்துக்குப் பக்கமாக நிறுத்துங்கள். உள்பக்கச் சுவர் ஓரங்களை விரித்துச் சரிவாகப் பூசுங்கள், அடிப்பக்கத்தையும் அறையை நோக்கிச் சரிவாக இறக்கி வெள்ளையடித்துவிடுங்கள். ஒரு அடி ஜன்னல் குறைந்தது தெரியாத அளவுக்கு வெளிச்சம் உள்ளே பரவும்.

நாகை அலை:
நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் இதே மாதிரி தாழ்ந்த அறை உண்டு, அதனால் அடைத்துவிட்டு ஃபேன் போடலாம் என்று சொன்னவருக்குத்தான் முதலில் பதில். அடைக்கவே கூடாது. வயதானவர் படுக்கும் அறை, ஓதம் ஏறிய சுவர், காற்று போகாவிட்டால் பூஞ்சை பிடித்து மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும். ஃபேன் கரண்ட் இருந்தால்தான் ஓடும், மழைக்காலத்தில்தான் கரண்ட் போகும், ஓதமும் அப்போதுதான் அதிகம். யுபிவிசி உளுக்காது, துருப்பிடிக்காது, அது உண்மை. ஆனால் இறுக்கமாக மூடிக்கொள்கிற ஜன்னலைப் போட்டுச் சுற்றிலும் ஃபோம் அடித்து சிலிக்கான் வைத்தால் அறை அடைத்த பெட்டிதான். எந்த ஜன்னல் போட்டாலும் மேல்பாகத்தில் எப்போதும் திறந்திருக்கிற ஒரு சின்ன வழி வேண்டும், வலை அடித்து. எதிர்ச்சுவரில் முற்றத்துப் பக்கமும் ஒரு திறப்பு இருந்தால் காற்று தானாக ஓடும், கும்பகோணத்து வீட்டில் முற்றம் இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள்.

அப்புறம் தாழ்ந்த ஜன்னல் என்றால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். எலி ஃபோமைக் கடித்துத் துளைத்துவிடும், நைலான் கொசுவலையையும்தான். கெட்டியான ஸ்டெயின்லெஸ் வலை அடியுங்கள். எங்கள் ஊரில் கடல் காற்றுக்கு 304 ரகத்திலும் கறை ஏறுகிறது, 316 வாங்குகிறோம். உங்கள் ஊருக்கு 304 போதும் என்று நினைக்கிறேன்.

காரைச்சுவர்:
நாகை அக்கா சொன்ன முற்றத்துத் திறப்பு மிக முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள்.

மாயூரம் வாசகன்:
எல்லாரும் ஜன்னலைப் பற்றியே பேசுகிறீர்கள், சாலையை யார் கேட்பது? 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதிதாகப் போட வேண்டும் என்று துறைகளுக்கு எழுதினார். அதைச் சுட்டிக்காட்டி, உங்கள் வாசற்படியும் ஜன்னலும் தெரிகிற மாதிரி அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, சந்தில் உள்ள எல்லா வீட்டாரும் கையெழுத்துப் போட்டு மாநகராட்சியில் மனு கொடுத்து வையுங்கள். 2028-இல் மகாமகம் வருகிறது, அதற்கு முன் நகரில் சாலை வேலைகள் கட்டாயம் நடக்கும். இப்போது பேசாவிட்டால் நீங்கள் தூக்கி வைக்கிற அடிமட்டத்தையும் சாலை எட்டிப் பிடித்துவிடும். இதை ஒரு வீட்டுப் பிரச்சினையாக நினைக்காதீர்கள், டெல்டா ஊர்களில் எத்தனை பழைய தெருக்களில் படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது படி இறங்கிப் போகிறோம்!

குடந்தைக் கூடம்:
மனு யோசனைக்கு நன்றி, பக்கத்து வீட்டாரிடம் பேசிவிட்டேன், அவர்களும் வருகிறேன் என்கிறார்கள். சுண்ணாம்புக்கு வருகிறேன். கடையில் மூட்டையில் விற்கிற சுண்ணாம்புத் தூள் போதுமா? கடுக்காய், வெல்லம் எல்லாம் கட்டாயம் வேண்டுமா? எங்கள் கொத்தனார் சின்ன வயதில் அவர் அப்பாவோடு காரை அரைத்திருக்கிறாராம், சொல்லிக்கொடுத்தால் செய்கிறேன் என்கிறார்.

காரைச்சுவர்:
அப்படி ஒருவர் கிடைத்திருப்பது பெரிய விஷயம், அவரை விட்டுவிடாதீர்கள்.

கடைத்தூள் பல நாள் காற்றுப் பட்டுச் செத்திருக்கலாம். சுட்ட கல் சுண்ணாம்போ கிளிஞ்சல் சுண்ணாம்போ வாங்கித் தொட்டியில் நீற்றி, சலித்து, குறைந்தது இரண்டு வாரம் தண்ணீருக்கு அடியிலேயே ஊறவையுங்கள், இன்னும் அதிக நாள் என்றால் இன்னும் நல்லது. நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள், குழந்தைகளை அறவே விடாதீர்கள். தொட்டியில் சுண்ணாம்பு போடுவதற்கு முன் தண்ணீர் இருக்க வேண்டும், சுண்ணாம்பைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றக் கூடாது.

மேல்சுவர்ப் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். ஆனால் அடியில் கட்டப்போகும் அந்த ஒரு அடிக்கு வெறும் சுண்ணாம்பு ஆகாது. சுண்ணாம்பு காற்றை வாங்கித்தான் இறுகும், எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் இறுகவே இறுகாது. அங்கே மூன்று பங்கு மணலில் ஒரு பங்கைக் குறைத்து அந்த அளவுக்குச் சுர்க்கி சேருங்கள், அதாவது நன்றாக வெந்த செங்கலையோ கூரை ஓட்டையோ இடித்துச் சலித்த தூள். அது சுண்ணாம்போடு சேர்ந்து ஈரத்திலும் கெட்டிப்படும், கெட்டிப்பட்ட பிறகும் ஈரத்தை வெளியே விடும். கடுக்காயும் வெல்லமும் இருந்தால் நல்லது, இந்த வேலைக்குக் கட்டாயம் இல்லை. மணல் உப்பில்லாததாக இருக்கணும், வாயில் ஒரு துளி வைத்துப் பார்த்தாலே தெரியும்.

நிலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் ஓட்டுச்சில்லு வைத்து இறுக்கி அதன் மேல் காரை. ஹோல்ட்பாஸ்ட், அதாவது நிலையைச் சுவரோடு பிடிக்கும் பட்டை, ஸ்டெயின்லெஸ்ஸில் செய்யுங்கள். மன்னை தம்பிக்காக ஒன்று ஒப்புக்கொள்கிறேன், ஹோல்ட்பாஸ்ட் போகும் குழியில் மட்டும் கையளவு கான்கிரீட் வைக்கலாம், மேல் பாதியில், ஓதம் எட்டாத இடத்தில்.

மன்னை பில்டர்:
அது போதும் சார். சுர்க்கி பற்றிச் சொன்னது எனக்குப் புதிது, அடுத்த வேலையில் ஈரச் சுவருக்குச் செய்து பார்க்கிறேன். எப்போது ஆரம்பிக்கலாம் என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள், மழை நாளில் கை வைத்துவிடப் போகிறார்.

காரைச்சுவர்:
தை பிறந்து ஆரம்பியுங்கள், சித்திரைக்குள் முடித்துவிடுங்கள். வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கிற மேட்டூர் அணைத் தண்ணீர் வந்துவிட்டால் அப்புறம் நிலத்தடி ஈரம் ஏறத் தொடங்கிவிடும். மாசி, பங்குனி வெயிலில் காரை சீக்கிரம் காய்ந்து வெடிக்காமல் இருக்க நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள், ஒரு வாரமாவது. பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்பு வெள்ளைதான், பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்துவிட்டால் இத்தனை வேலையும் வீண், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

குடந்தைக் கூடம்:
கடைசியாக ஒன்று உளிக்காரரிடம். கதவு வெளியே திறப்பதா, உள்ளே திறப்பதா? சந்து குறுகல். மரம் என்ன போடலாம், தேக்கு மூன்று ஜன்னலுக்கும் கட்டுப்படியாகாது.

உளிக்காரன்:
உள்ளே திறக்கிற மாதிரி வையுங்கள். வெளியே திறந்தால் அந்த உயரத்தில் சைக்கிள்காரர் முழங்காலில் இடிக்கும், புயல் காற்றில் கொக்கி விட்டால் கீலோடு பிய்த்துக்கொண்டு போகும், 2018 கஜாவில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் வெளியே திறக்கிற கதவுகள்தான் போயின. உள்ளே திறக்கிற கதவில் மழை உள்ளே வருமே என்று கேட்பீர்கள், கதவின் அடிச்சட்டத்தில் வெளிப்பக்கம் சரிவான ஒரு பட்டை அடித்து அதன் அடியிலும் காடி எடுத்துவிட்டால் தண்ணீர் கருங்கல் மேல் விழுந்து வெளியே போய்விடும். நிலைக்கு மட்டும் தேக்கு, அதுவும் கால்கள் இரண்டும் மேல்சட்டமும் மட்டும்தான் வரும், அடியில் கல். கதவுக்கு நன்றாகக் காய்ந்த வேம்பு போதும். சுவரைத் தொடும் பக்கங்களுக்கு நிறுத்துவதற்கு முன்பே தார் அடித்துவிடச் சொல்லுங்கள், நிறுத்திய பிறகு அங்கே கை போகாது. கல்லில் உட்காரும் கால் முனைகளுக்கு இரண்டு தடவை.